சுங்குடிக் கடைக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை, பருத்தி நைட்டி, சுடிதார் மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றில் நான் கணக்குப் பார்க்கிறேன். 2025 தீபாவளி முடிந்து தேனி, சிவகங்கை, ராமநாதபுரம், கேரளக் கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்குக்கெல்லாம் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) போட்டு, நவம்பர் 11 கெடுவுக்கு முன்பே விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தைத் தாக்கல் செய்துவிட்டோம். பேரேட்டுக்கும் தாக்கலுக்கும் ஒரு பைசா வித்தியாசம் இல்லை. எங்கள் கணக்கு மென்பொருளை எழுதியும் சரிபார்த்தும் அதைச் சாத்தியமாக்கியவர்கள் நீங்கள். யாரும் ஒரு ரூபாய்கூட வாங்கிக்கொள்ளவில்லை. உங்களில் பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து, எல்லோர் கண்ணிலும் படும்படி இந்த நன்றி மடல்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. அதுவரை ஆயத்த ஆடையில் ஓர் உருப்படி 1,000 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 12. மாறிய பிறகு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. வாங்குகிறவர்களுக்கு நல்ல செய்தி, எங்களுக்கும்தான். ஆனால் தேதிகளைப் பாருங்கள். தீபாவளி அக்டோபர் 20. மொத்தக் கடையிலிருந்து தீபாவளிச் சரக்கு ஆகஸ்டிலேயே கிளம்ப ஆரம்பித்துவிடும். 1,400 ரூபாய் சுடிதார் செட் ஒன்று ஒரே கடைக்குச் செப்டம்பர் முதல் வாரம் 12 சதவீதத்தில் போயிருக்கும், அக்டோபர் முதல் வாரம் 5 சதவீதத்தில் போயிருக்கும். பண்டிகை முடிந்து, விற்காதது மூட்டையாகத் திரும்பி வரும்போது எந்த செட் எந்தப் பில்லில் போனது என்று துணியில் எழுதியிருக்காது. விற்ற அன்று என்ன வரியோ அதே வரியில்தான் கிரெடிட் நோட் போட வேண்டும். மாற்றிப் போட்டால் எங்கள் கணக்கும் கெடும், வாங்கிய கடைக்காரர் எங்களுக்குக் கொடுத்த வரிக்குத் தன் கணக்கில் எடுத்த வரவும் கெடும்.

நாங்கள் பயன்படுத்துவது ஓடூ என்ற வியாபாரக் கணக்கு மென்பொருளின் இலவசமான சமூகப் பதிப்பு. 2005-இல் பெல்ஜியத்தில் டைனி இ.ஆர்.பி. என்ற பெயரில் தொடங்கியது இது. 2015-இல் ஒன்பதாம் பதிப்பு வந்தபோது கட்டணப் பதிப்பு, சமூகப் பதிப்பு என்று இரண்டாகப் பிரிந்தது. முழுக் கணக்கு அறிக்கைகள் கட்டணப் பக்கம் போய்விட்டன. சமூகப் பதிப்பில் பில் போடலாம், பதிவு போடலாம். ஆனால் பேரேடு, இருப்பாய்வு (பற்றும் வரவும் சமமா என்று காட்டும் டிரயல் பேலன்ஸ்), யார் எத்தனை நாள் பாக்கி என்ற பட்டியல் இதெல்லாம் வேண்டுமென்றால் தன்னார்வலர்கள் எழுதி வைத்திருக்கும் நீட்சிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓடூ கம்யூனிட்டி அசோசியேஷன் என்ற அமைப்பின் கீழ் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து அவற்றை எழுதி, ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் ஏற்றபடி மாற்றிப் பராமரித்து வருகிறார்கள். என் முதல் நன்றி அவர்களுக்கு. எங்கள் கடையின் இருப்பாய்வை நான் தினமும் திறந்து பார்க்கிறேன். அதை எழுதியவர்களுக்கு மதுரை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

அடுத்து, திருப்பரங்குன்றம் பக்கத்திலிருந்து வந்த மாணவிகள் இருவர். பாப்பா, உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் போடவில்லை. காந்தி அருங்காட்சியக வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்து, "அக்கா, சரக்கு திரும்பி வந்தவுடனே நீங்க முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். மென்பொருள் செய்கிறவர்கள் பொதுவாக எந்தப் பொத்தான் வேண்டும் என்றுதான் கேட்பார்கள். நான் மூட்டையைப் பிரிப்பேன், உருப்படி எண்ணுவேன், அந்தக் கடையின் பழைய பில்களைத் தேடுவேன் என்று சொன்னேன். நீங்கள் அதையே திரையில் கொண்டுவந்துவிட்டீர்கள். திரும்பி வந்த உருப்படியையும் கடையையும் கொடுத்தால், அந்தக் கடைக்கு அந்த உருப்படி போன பில்கள் எல்லாம் தேதியோடும் வரியோடும் வந்து நிற்கின்றன. ஒவ்வொரு பில்லிலும் இன்னும் எத்தனை உருப்படிக்குக் கிரெடிட் நோட் போடலாம் என்ற மிச்சமும் தெரிகிறது. கடைக்காரரிடம் போனில் கேட்டு, பில்லைத் தேர்ந்தெடுத்தால் போதும். விகிதத்தை நான் கையால் அடிக்க வேண்டியதே இல்லை.

சரி, நிரல் எழுதியாகிவிட்டது. ஆனால் கணக்கு மென்பொருளில் எழுதியது ஓடுகிறது என்பதால் அது சரி என்று ஆகிவிடாது. முன்பு சொன்ன ஓடூ கம்யூனிட்டி அசோசியேஷனில் ஒரு மாற்றத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் எழுதியவர் தவிர இன்னும் இரண்டு பேராவது பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நம் ஆட்களும் அதே முறையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த மடலில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். எழுதியவர்களின் பெயர் நிரலின் மாற்ற வரலாற்றில் நிற்கும். உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்து, "இந்த இடம் இடிக்கிறதே" என்று சொன்னவர்களை யாரும் நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன்.

ஓர் உதாரணம். 333 ரூபாய் 30 காசுக்கு ஒரு துணி. கேரளக் கடைக்குப் போனால் வெளிமாநில விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதத்தில் 16.665, அதாவது 16 ரூபாய் 67 காசு. நம் மாநிலத்துக்குள்ளேயே தேனிக் கடைக்குப் போனால் மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை. தனித்தனியாகக் கணக்கிட்டால் ஒவ்வொன்றும் 8.3325, அதாவது 8 ரூபாய் 33 காசு. கூட்டினால் 16.66. ஒரே துணிதான், வரியில் ஒரு பைசா வேறுபடுகிறது, இரண்டும் சரிதான். முதலில் எழுதிய நிரல் 5 சதவீதத்தை மொத்தமாகக் கணக்கிட்டுப் பிறகு பாதியாகப் பிரித்தது. அப்போது ஒரு பக்கம் 8.34, இன்னொரு பக்கம் 8.33 என்று வந்தது. மத்திய வரியும் மாநில வரியும் சமமாக இருந்தாக வேண்டுமே. இதைக் கண்டுபிடித்தவர் ஸ்பெயின் நாட்டுக்காரர் ஒருவர். நம் ஊர் வரி அவருக்குத் தெரியாது. "பாதியாகப் பிரிக்கும்போது மிஞ்சும் காசு எங்கே போகிறது?" என்று மட்டும் கேட்டார். தன் நாட்டு வரியில் ஆண்டுக்கணக்காக இதே காசைத் துரத்தியவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். ஐயா, உங்களுக்கு மதுரையிலிருந்து மனமார்ந்த நன்றி. அந்தக் கேள்வி இப்போது ஒரு சோதனையாக நிரலுக்குள்ளேயே இருக்கிறது. யார் எதை மாற்றினாலும் 333.30 ஒரு முறை தானாகக் கணக்கிடப்பட்டு, 8.33 வந்தால்தான் மாற்றம் உள்ளே போகும்.

ஆடிட்டர் சார், உங்களிடம் வேலை மிகுந்த செப்டம்பர் மாதத்தில் வந்து தொந்தரவு செய்தோம். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நீங்கள் கேட்ட பட்டியலும் வந்துவிட்டது. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். கெடு தாண்டினால் பணம் கொடுக்கிற ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரியில் காட்ட முடியும். 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதி இது. எங்களுக்குத் துணி தருகிறவர்களும் சாயம் போட்டுத் தருகிறவர்களும் பெரும்பாலும் இந்த வகைதான். கப்பலூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து, இந்த இரண்டு கெடுவையும் தனித்தனியாகக் காட்டும் அறிக்கையை எழுதிக் கொடுத்தார். இதனால் நான் மிகவும் சந்தோஷப்பட்டதற்கு வருமான வரி மட்டும் காரணம் இல்லை. சாயப்பட்டறைக்காரர் பணம் கேட்டு வந்து நிற்பதற்கு முன்பே அவர் பெயர் என் திரையில் மேலே வந்து நிற்கிறது. முதலாளியிடம் காட்டிச் செக் வாங்கிவிடுகிறேன்.

எஸ்.எஸ். காலனியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஐயாவுக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் வங்கி அறிக்கையை அவர் அளவுக்குப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் கூட்டத்தில் இல்லை. யு.பி.ஐ.-யில் வரும் பணத்தில் கடைப் பெயர் இருக்காது, மகன் பெயரோ மனைவி பெயரோ இருக்கும். ஐயா அவற்றை வகை பிரித்து எழுதிக் கொடுத்தார். ஒரு முறை அடையாளம் சொல்லிவிட்டால் அடுத்த முறை அதே கணக்கிலிருந்து பணம் வரும்போது எந்தக் கடை என்று மென்பொருளே சொல்லும்படி தம்பிகள் செய்துவிட்டார்கள். இறுதி முடிவு மட்டும் மனிதர் கையில் இருக்க வேண்டும், தானாகப் பதிவாகக் கூடாது என்று ஐயா பிடிவாதமாக நின்றார். அது முழுக்கச் சரி.

தெற்கு மாசி வீதி, சின்னாளபட்டி கடைகளில் என்னைப் போலவே கணக்குப் பார்க்கும் அக்காமார்களுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு பெரிய கும்பிடு. கடைப் பெயர், ஜி.எஸ்.டி. எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு உங்கள் பழைய பில்களைச் சோதனைக்குக் கொடுத்தீர்கள். உண்மையான பில் இல்லாமல் உண்மையான சோதனை கிடையாது. தள்ளுபடி போக 999 ரூபாய்க்கு வந்து நிற்கும் உருப்படி, இலவசமாகப் போன துப்பட்டா, பாதி திரும்பிய பண்டல் இதெல்லாம் கற்பனையில் யாருக்கும் தோன்றாது. வியாபார விஷயம் வெளியே போகக் கூடாது என்று முதலில் தயங்கி, பிறகு அனுமதி கொடுத்த முதலாளிமார்களுக்கும் நன்றி.

எழுதிய நிரல் முழுவதும் பொதுவில் இருக்கிறது. ஈரோட்டிலோ திருப்பூரிலோ யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம்.

அடுத்த வேலை, சாயம் போடுவதற்கு முன் சுங்குடிப் புள்ளிகளுக்காக முடிச்சுப் போடக் கொடுக்கும் துணியின் கணக்கு. துணி எங்களுடையது. முடிச்சுப் போடுவது வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள். சலான் போட்டு அனுப்புகிறோம், ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆண்டு விற்பனை 5 கோடி வரை உள்ளவர்கள் ஏப்ரல் 25-க்குள் ஐ.டி.சி-04 படிவத்தில் இதைக் காட்ட வேண்டும். இப்போது இதற்கு நோட்டுதான். யாரிடம் எத்தனை துணி, எத்தனை நாளாக இருக்கிறது, கூலி எவ்வளவு பாக்கி என்பது மூன்றும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும், கூலிப் பாக்கி முதலில் தெரிய வேண்டும். மாணவிகள் ஆரம்பித்துவிட்டார்கள். பார்த்துச் சரி சொல்ல ஆட்கள் தேவை. இப்படித் துணி கொடுத்துக் கூலிக்கு வேலை வாங்கும் ஜாப் ஒர்க் கணக்கு எழுதிப் பழகியவர்கள், நிரல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாருங்கள். பெயர் மறைத்த சலான்கள் ஒரு கட்டு என்னிடம் தயாராக இருக்கின்றன.

நன்றியுடன்,
சுங்குடிக் கடைக் கணக்கர்
விளக்குத்தூண், மதுரை