ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்

அன்புள்ள செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்றாம் வகுப்பு உன் கைக்கு வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பத்து ஆங்கிலச் சொல் நடத்தினால் மறுநாள் இரண்டுகூட நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். பத்து அதிகம், செல்வி. ஒரு பாடவேளைக்கு ஐந்து வை. மிச்ச நேரமெல்லாம் பழைய சொற்களுக்கு.

எந்த ஐந்து என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நிறங்களை ஒரே நாளில் வரிசையாக நடத்தினால் எல்லோ எது, கிரீன் எது என்று பிள்ளை தடுமாறும். ஒரே இனத்துச் சொற்கள் புதிதாக ஒன்றாய் வந்தால் ஒன்றின் இடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். எதிர்ச்சொல்லும் அப்படித்தான். ஹாட் நன்றாகப் பதிந்த பிறகு, அடுத்த வாரம் கோல்டை எடு. ஒரே வேலையில் சேர்ந்து வருபவற்றைத் தேர்ந்தெடுத்தால் நல்லது: வாட்டர், பக்கெட், வாஷ், வெட், கிளீன். முதல் இரண்டும் வீட்டிலேயே புழங்குபவை, ஆகவே பாரம் மூன்றுக்குத்தான். கை கழுவும் குழாயடியிலேயே இந்தப் பாடத்தை நடத்திவிடலாம்.

கரும்பலகைக்கு உடனே போகாதே. முதலில் காது. பொருளைக் காட்டி மூன்று முறை நீ மட்டும் சொல். அடுத்து, "டச் த பக்கெட்" என்றால் தொட்டுக் காட்டட்டும். அதன்பின் வாயால் சொல்லட்டும், பிறகு வாசிக்கட்டும். எழுதுவது மறுநாள். எழுத்தை முதலில் காட்டினால் தமிழைப் போலவே எழுத்துக்கூட்டி, நைஃபைக் 'கினைஃப்' என்று படிப்பார்கள். அப்படிப் பதிந்ததைத் திருத்துவது பெரும்பாடு.

ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் தமிழில் உச்சரிப்பு எழுத மட்டும் விடாதே. 'பிக்' என்று எழுதினால் பன்றியும் அதுதான், பெரியதும் அதுதான். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லச் சொல். பன்றிக்குக் காற்று கையில் பட வேண்டும், பெரியதற்கு அவ்வளவாகப் படக் கூடாது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே இருக்கும்.

மின்னட்டையில் (ஃபிளாஷ் கார்டில்) படம் ஒரு பக்கம், சொல் மறுபக்கம். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் கண் படத்தோடு நின்றுவிடும், எழுத்தைப் பார்க்காது. கடைசி வரிசைக்கும் தெரிய எழுத்து இரண்டு அங்குல உயரமாவது வேண்டும்.

கோரஸை நம்பி ஏமாறாதே. முன்வரிசை நான்கு பேர் சொல்வதைப் பின்வரிசை இழுத்துக்கொண்டே போகும். ஐந்து அட்டையைக் காட்டிவிட்டு ஒன்றை ஒளித்து, காணாமல் போனது எது என்று தனித்தனியாகக் கேள். யாருக்கு நிற்கவில்லை என்பது உடனே தெரியும்.

தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில், பிள்ளைகளின் கற்றல் திறனைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை இருப்பதால் மூன்று பட்டியல் போட வேண்டியதில்லை. ஐந்தும் எல்லோருக்கும் ஒன்றே. அரும்பு கேட்டுத் தொடட்டும், மொட்டு வாசிக்கட்டும், மலர் ஒரு வாக்கியம் சொல்லட்டும்.

எப்போது திரும்பக் கேட்பது என்பதை வைத்து அட்டைகளை மூன்று பெட்டியில் போடு: நாளை, இந்த வாரம், இந்த மாதம். வகுப்பில் பெரும்பாலோர் சொல்லிவிட்டால் அட்டை அடுத்த பெட்டிக்கு, தடுமாறினால் திரும்ப முதல் பெட்டிக்கு. தினமும் பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் இதற்குக் கொடு. மறக்கத் தொடங்கும் நேரத்தில் திரும்பக் கேட்டால்தான் சொல் தங்கும்.

மாதக் கடைசியில் மூன்றாவது பெட்டியில் எத்தனை சேர்ந்தது என்று எழுது. எந்தச் சொல் திரும்பத் திரும்ப முதல் பெட்டிக்கே வருகிறது என்பதையும் குறித்து அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மீனா