15ஆவது நகர்த்தலை ஒருக்கால் திரும்பப் பாரும்

அன்புள்ள தம்பிக்கு,

யாழ்ப்பாணப் பாடசாலைச் சதுரங்கப் போட்டியில் கறுப்புக் காயோடு நீர் தோற்ற ஆட்டத்தை வைத்துப் பார்த்தேன். நீர் ஆடிய தொடக்க முறை குயின்ஸ் கம்பிட் டிக்ளைன்ட், அதாவது வெள்ளை நீட்டும் சி4 சிப்பாயை உடனே வெட்டாமல் விடுவது. அது பழசு என்று யாரும் சொன்னால் கைவிடாதேயும். 1927இல் புவனஸ் அயர்ஸில் கபபிளங்காவும் அலெகினும் உலக சம்பியன் பட்டத்துக்கு விளையாடிய 34 ஆட்டங்களில் 32 இதுதான்.

இதில் கறுப்புக்குத் தலையிடி சி8 கட்டத்தில் நிற்கும் பிஷப். 2ஆவது நகர்த்தலில் சிப்பாயை ஈ6இல் வைத்ததுமே அதன் வழி அடைபடுகிறது. ஈ5 தள்ளினால்தான் திறக்கும், ஆனால் நெருக்கடியில் தள்ள ஏலாது. முதலில் காய் மாற்ற வேண்டும். அதை வடிவாகச் செய்திருக்கிறீர். 8இல் வெள்ளை பிஷப் டி3க்கு வரும்வரை பொறுத்து, அதன் பிறகே சி4 சிப்பாயை வெட்டினீர். அந்த பிஷப் திரும்ப நகர்ந்துதான் உமது சிப்பாயை வெட்டியது. உமக்கு ஒரு நகர்த்தல் லாபம். பிறகு குதிரை டி5, ஈ7இல் பிஷப்புகள் மாற்றம், சி3இல் குதிரைகள் மாற்றம், 12இல் ஈ5. கபபிளங்காவின் வழி அப்படியே.

ஈ5இல் வெட்டுக்கொத்து முடிய, 15இல் வெள்ளை எஃப்4 தள்ளி உமது ராணியைத் தாக்கியது. நீர் ராணியை எஃப்6க்கு இழுத்தீர், உடனே எஃப்5 வந்தது. அந்தச் சிப்பாய் ஈ6ஐயும் காக்கிறது. பிஷப்புக்கு டி7 மட்டுந்தான் மிச்சம். அந்த நேரம் பி5 தள்ளி சி4 பிஷப்பை விரட்டியிருந்தால் ஆட்டம் இருந்தது. எச்6 வைத்ததில் அந்த ஒரு நகர்த்தல் வீணாய்ப் போனது.

என் தெரிவு 15இல் ராணி ஈ4. அப்போது வெள்ளை எஃப்5 தள்ளினால் உமது பிஷப் அந்தச் சிப்பாயை வெட்டும். வெள்ளை பிஷப்பை டி3க்கு எடுத்து ராணியைத் தாக்கினாலும் பயப்படாதேயும்: சி3 யானையின் பார்வை மறைந்துவிடும், ஈ3 சிப்பாயை ராஜாவுக்குச் செக்கோடு வெட்டலாம். எஃப்5 தள்ளாமல் விட்டால் அடுத்ததாக உமது பிஷப் அங்கே போய் இருக்கும். இதைப் பலகையில் இரண்டு பக்கமும் இருந்து ஆடிப் பாரும்.

13இல் ஈ5ஐ வெட்டாமல் ராணியை சி2க்கு எடுக்கிறவர்களும் உண்டு. அப்போது ஈ4 தள்ளிக் குதிரையை விரட்டும். அது டி2க்குப் போக, உமது குதிரையை டி7இலிருந்து எஃப்6க்கு எடும். பிஷப்புக்கு வழி திறந்துவிடும்.

அன்புடன்,
அண்ணா