திபிலீசியில படிக்கிற என் பாப்பாவுக்கு

பாப்பா,

நல்லா இருக்கியா? இங்க எல்லாரும் நலம், அப்பாவுக்கு சுகர் கன்ட்ரோல்ல இருக்கு, நீ கவலைப்படாத. போன வாரம் போன்ல "இனிமே கவிதை எல்லாம் எழுதப் போறதில்லம்மா, எம்பிபிஎஸ் படிச்சுக்கிட்டு அதெல்லாம் ஒத்து வராது"ன்னு சொன்னியே, அது மனசுலயே நிக்குது. உனக்கு கிளாஸுக்கு நேரமாச்சு, போனை வச்சுட்ட. அதான் இப்ப உட்கார்ந்து டைப் பண்றேன், நீளமா போகும், பஸ்ல போறப்பவாவது படி.

நீ அங்க சேர்ந்ததுல இருந்து அந்த ஜார்ஜியா நாட்டைப் பத்தி கிடைச்சதை எல்லாம் படிச்சுக்கிட்டே இருக்கேன்ல, அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போனவங்க அனா கலந்தாட்ஸேன்னு கவிதை எழுதின ஒரு அம்மா. 1924 டிசம்பர்ல, மேற்கு ஜார்ஜியாவுல குரியா பக்கம் கிதிஸ்தாவின்னு ஒரு கிராமத்துல பிறந்தவங்க. திபிலீசி யுனிவர்சிட்டியில காகசஸ் மொழிகள் படிச்சு 1946ல டிகிரி வாங்குனாங்க. அவங்க கவிதை வெளிய வந்து பேர் எடுத்ததும் அதே சமயத்துலதான், இருபத்தொண்ணு இருபத்திரெண்டு வயசு, கிட்டத்தட்ட உன் வயசு.

அவ்ளோ சின்ன வயசுல பேர் கிடைச்சும் கவிதையை மட்டும் வச்சுக்கிட்டு அவங்க உட்காரல பாப்பா. மொழியியல் இன்ஸ்டிடியூட்ல வேலைக்குப் போனாங்க. அர்னால்ட் சிக்கோபாவாங்கிற பெரிய அறிஞர் பேர்ல இப்ப இருக்கே, அந்த இன்ஸ்டிடியூட்தான். ஜார்ஜிய மொழிக்கு எட்டு வால்யூம் அகராதி போட்டது அந்த இடம், 1950ல முதல் வால்யூம் வந்து 1964லதான் முடிஞ்சுது. கம்ப்யூட்டர் இல்லாத காலம், அகராதி வேலைன்னா முழுக்க கார்டு வேலை. ஒரு சொல்லை எடுத்து, யார் எந்த இடத்துல எந்த அர்த்தத்துல எழுதியிருக்காங்கன்னு தேடி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கார்டு எழுதி, வரிசைப்படுத்தி, சரிபார்த்து, கண்ணு பூத்துப் போற வேலை. அப்படிப்பட்ட இடத்துல வேலை பார்த்துக்கிட்டேதான் அவங்க கவிதையும் எழுதினாங்க. அவங்க கவிதையில நிறைய ரொம்பச் சின்னது, ஒரு பக்கம் கூட வராது. மரம், பூ, மலை, பழைய கோயில்னு ஏதோ ஒண்ணைப் பார்த்துட்டு நாலு வார்த்தை சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. ஜார்ஜிய வானத்தைப் பார்த்து, நீ இவ்ளோ ஆழமா இருக்கியேன்னு பேசுற மாதிரி ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பழகின கைக்குத்தான் அப்படி எழுத வரும்னு எனக்குத் தோணுது, இது என் நினைப்பு.

காலமும் லேசான காலம் இல்ல, ஜார்ஜியா அப்ப சோவியத் ஆட்சியில இருந்துச்சு. மச்சாபேலி தெருவுல எழுத்தாளர் சங்கக் கட்டடம் இருக்கு பாரு, அங்கதான் 1937ல பாவ்லோ யாஷ்விலிங்கிற கவிஞர் தன்னையே சுட்டுக்கிட்டு செத்துப் போனார். அவரோட நண்பர் தித்சியான் தபித்ஸேவை அதே வருஷம் அரசாங்கமே கொன்னுடுச்சு. அப்புறம் 1946 ஆகஸ்ட்ல, அனா எழுத வந்த கையோட, மாஸ்கோவுல இருந்து அக்மதோவாங்கிற ரஷ்யக் கவிஞரைத் திட்டி தீர்மானம் வருது, சொந்த மனசை எழுதுறதே தப்புங்கிற மாதிரி. சாமியே வேண்டாம்னு சொன்ன அந்த ஆட்சியிலதான் அனா, புனித நினோ மலை வழியா நடந்து வர்றதை எழுதினாங்க. நாலாம் நூற்றாண்டுல அந்த நாட்டுக்கு கிறிஸ்தவத்தைக் கொண்டு வந்தவங்கன்னு சொல்வாங்களே, திராட்சைக் கொடியைத் தன் கூந்தலால கட்டி சிலுவை செஞ்சவங்க, அந்த நினோ. சியோனி கோயிலுக்குப் போய் அந்த சிலுவை பத்தி நீயே எனக்கு மெசேஜ் போட்டிருந்த.

அனாவோட கவிதைகளை பெல்லா அக்மதூலினான்னு ஒரு ரஷ்யக் கவிஞர் ரஷ்யனுக்குக் கொண்டு போனாங்க, சில கவிதைகள் பாட்டாவும் ஆச்சு. இன்னொரு விஷயம், அந்த ஊர்ல மொழிங்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு உனக்குத் தெரியணும். 1978ல அரசியல் சட்டத்துல இருந்து ஜார்ஜிய மொழிக்கு இருந்த இடத்தை எடுக்கப் பார்த்தாங்க, உன்னை மாதிரி காலேஜ் பிள்ளைங்க ருஸ்தாவெலி ரோட்டுல ஆயிரக்கணக்குல இறங்கிட்டாங்க, அரசாங்கம் பின்வாங்கிடுச்சு. அது நடந்த ஏப்ரல் 14, நமக்கு சித்திரை ஒண்ணு, அவங்களுக்கு அது இப்ப மொழி நாள். படிக்கிறப்பவே எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

2008 மார்ச்ல அந்த அம்மா போய்ச் சேர்ந்தாங்க, எண்பத்தி மூணு வயசு. ம்தாத்ஸ்மிந்தா மலையில, பாதி வழியில இருக்கிற பாந்தியன்ல, அதாவது பெரியவங்களை அடக்கம் பண்ற இடத்துல வச்சிருக்காங்க, இலியா, அகாக்கி, கலாக்தியோன்னு அந்த ஊர் பெரிய எழுத்தாளர்கள் எல்லாரும் இருக்கிற அதே இடம்.

உனக்கு அடுத்த வருஷம் பேஷன்ட்கிட்ட ஜார்ஜியன்லயே பேசி கேஸ் எடுக்கணும்னு சொன்னல்ல, எப்படியும் அந்த மொழியைப் படிச்சுத்தான் ஆகணும். படிக்கிற பாடத்தோட பாடமா இவங்க கவிதை ஒண்ணையும் எடுத்துக்கோ, எட்டு வரி பத்து வரிதான் இருக்கும். எழுதுறதை விட்டுட்டேன்னு மட்டும் சொல்லாத பாப்பா, வாரத்துக்கு நாலு வரி எழுதினாலும் போதும், எனக்கு அனுப்பணும்னு கூட இல்ல. ஞாயித்துக்கிழமை அந்த மலைக்குப் போ, உன் ரூம்மேட்டையும் கூட்டிட்டுப் போ, ஸ்வெட்டர் போட்டுக்கோ. உங்க ஹவுஸ் ஓனர் பாட்டியைக் கேட்டு நினோ கவிதையை ஒரு தடவை சத்தமா சொல்லச் சொல்லி வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பு, எனக்கு அது எப்படிக் கேக்குதுன்னு கேக்கணும்.

அம்மா