ஈரச் சட்டையைப் பாலிதீன் பையில் கட்டாதீர்கள்

சென்னைப் பெருநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் இந்த ஊர் செஷன்ஸ் நீதிமன்றத்தில் பெரும்பாலும் எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, ஆஜராகும் வழக்கறிஞர். நான் கேட்கப்போவது என் பிழைப்புக்கே கொஞ்சம் இடைஞ்சலானதுதான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும், தடயம் எடுப்பதை வீடியோ பிடிக்க வேண்டும் என்கிறது. இதை அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. சரி, நிபுணர் வந்து போன பிறகு அந்தப் பொருள் எங்கே இருக்கும்? நிலையத்தில்தான், ஏட்டையாவின் பொறுப்பில்.

ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டிவைத்தால் உள்ளே புழுங்கும். நம் சென்னைப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். அப்புறம் ஆய்வகம் என்ன செய்யும்? வெயிலில் காயப்போட்டாலும் கெடுதல். நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்தித் தாள் உறையில் போட வேண்டும். தீவைப்பு வழக்கென்றால் நேர்மாறு: பெட்ரோல் பட்ட துணியைத் தாள் உறையில் வைத்தால் ஆவியாகிவிடும், காற்றுப்புகாத டப்பா வேண்டும்.

இதைவிட மோசம், இறந்தவரின் சேலையையும் எதிரியின் சட்டையையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது. சட்டையில் இருப்பது இறந்தவரின் ரத்தம் என்று ஆய்வகம் சரியாகத்தான் சொல்லும். அது குத்தும்போது தெறித்ததா, மூட்டைக்குள் ஒட்டியதா என்பதை அந்த அறிக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குறுக்கு விசாரணையில் எனக்கு அந்த ஒரு கேள்வி போதும். பொருளைக் கைப்பற்றியதாக எழுதும் மகஜரில் ஒரு தேதி, அதை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95-இல் வேறு தேதி, இடைப்பட்ட நாட்களுக்குக் கணக்கில்லை என்றால் இன்னும் வசதி. உண்மையான குற்றவாளிக்கும் அதே வசதிதான். குற்றமே செய்யாதவனுக்கோ, அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய தடயம் பைக்குள்ளேயே மக்கிப்போயிருக்கும்.

1849-லேயே ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் கண்ட ஊர் இது. 1952 ஆளவந்தார் கொலையில் தலை ராயபுரம் கடற்கரையிலும் உடல் மானாமதுரையில் ரயில் பெட்டியிலும் கிடைத்தும், இறந்தவர் யாரென்று இங்கேதான் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். நிலையத்துக்கு நிலையம் தாள் உறைகளும், மின்விசிறியோடு உலர்த்த ஒரு தனி இடமும் வேண்டும். ஒவ்வொரு துணியும் தனித்தனி உறையில் போக வேண்டும். யார், எப்போது உலர்த்தினார் என்பது பதிவேட்டில் ஏற வேண்டும்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர், சென்னை