நடிகை மனோரமா ஆச்சியின் பதினாறாம் நாளுக்குக் கை கொடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே எழுதியிருக்க வேண்டியது, பாத்திரம் கழுவி, நாற்காலி எண்ணிக் கொடுத்து, மறுநாள் தறிக்கும் போய் வந்ததில் நாலு நாள் ஓடிவிட்டது. ஒருத்தரையும் விட்டுவிடக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள், அதனால் யாருடைய பெயரும் போடவில்லை. அவரவருக்குத் தெரியும்.

2015 அக்டோபர் 10, சனிக்கிழமை ராத்திரி மனோரமா ஆச்சி சென்னையில் இறந்துபோனார். எங்களுக்கு விடிந்துதான் தெரியும். டீக்கடை டிவியில் தி.நகர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்பதைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள், குடித்த டம்ளரை வைக்காமல் எல்லாரும் நின்றோம். "நம்மூட்டு ஆத்தா போனாப்ல இருக்குதுங்க" என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கே சென்னைக்குக் கிளம்ப முடிகிற நிலையில் இங்கே யாரும் இல்லை. "எழவுக்குத்தான் போக முடியல, பதினாறுக்காச்சும் நாம கூடோணும்" என்று முதலில் சொன்னவர் டீக்கடை அண்ணன். பதினாறாம் நாள் 25, ஞாயிறாகவே அமைந்தது. அண்ணா, அந்த ஒரு வார்த்தைக்கே உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பேசி வைத்திருந்த இடம் இரண்டு நாளுக்கு முன்னால் கை நழுவியது. வேறு விசேஷத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். நான் அழுதுகொண்டே வந்ததைப் பார்த்துவிட்டு, "இதுக்கா வெசனப்படற, நம்ம குடோன் இருக்குது கண்ணு" என்றார் தறிக்குடோன் பெரியப்பா. ஆயுத பூஜைக்குக் கூட்டிக் கழுவி வைத்த குடோன், சந்தனமும் குங்குமமும் தறிச்சட்டத்தில் அப்படியே இருந்தன. பாவு நூலையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். அதைவிடப் பெரிய காரியம், பக்கத்துக் குடோன்காரர்கள் மூன்று பேரும் அன்று சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை தறியை நிறுத்தினார்கள். தீபாவளி நெருக்கத்தில் ஞாயிறும் ஓடுகிற தறிகள் அவை. தறி நின்றால் முதலாளிக்கு மட்டுமல்ல, ஓட்டுகிறவருக்கும் கூலி நிற்கும். அந்த மூன்று மணி நேரக் கூலியை விட்டுவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்த அண்ணன் தம்பிகள், அக்காமார்கள் எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தச் சத்தம் நின்ற பிறகு தெருவில் ஒருவர் செருமினால்கூடக் கேட்டது.

பேனர் அடித்த தம்பிக்கு நன்றி. சிரிக்கிற படம் போடலாமா கூடாதா என்று பெரியவர்கள் வாக்குவாதம் செய்தபோது, "அந்தம்மா சிரிக்க வெச்சவங்க, அழுவற படத்த நான் எங்கிங்க தேடுவேன்" என்று சொல்லி முடித்து வைத்தானே, சரியான முடிவு. மைக் செட் அண்ணன் வாடகையே வாங்கவில்லை. ப்ரொஜெக்டர் கொண்டுவந்த வாத்தியாருக்கும் நன்றி. திரைக்கு என்ன செய்வது என்று முழித்தபோது பெரியப்பாதான் தறியிலிருந்து இறக்கிய காடாத் துணியை அப்படியே கட்டச் சொன்னார். வெளுக்காத துணி, பழுப்பு நிறம், கிட்டப் போனால் பருத்தித் தும்புகூடத் தெரியும். அதன்மேல் ஆச்சி வந்து நின்றபோது, அந்தத் துணியை நெய்த அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

'சின்ன கவுண்டர்' காட்சிகள் வந்தபோதுதான் குடோனே அதிர்ந்தது. 1992இல் வந்த படம், இன்னும் வசனத்தை முன்கூட்டியே சொல்கிறார்கள். மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்தவர், நம் கொங்குப் பேச்சை நம் வீட்டுக் கிழவி பேசுவதுபோல எப்படிப் பேசினார் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். மெட்ராஸ் பாஷை பேசினால் அங்கேயே பிறந்தவர் மாதிரி இருக்கும், இங்கே வந்தால் நம் அம்மிச்சி. 1000 படங்களுக்கு மேல் நடித்தார், கின்னஸில் ஏறினார், 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ, எல்லாம் பெருமைதான். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் அவரைக் கொண்டாடுவது அந்தப் பேச்சுக்காகத்தான்.

ஆர்மோனியத் தாத்தாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எண்பது வயதுக்குப் பக்கம், அந்தக் காலத்தில் நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகப் போனவர். பெட்டியைத் துடைத்துக்கொண்டு வந்து, துருத்தியில் இருந்த ஓட்டையைப் பசைக்காகிதம் ஒட்டி அடைத்து ஒரு மணி நேரம் வாசித்தார். கோபிசாந்தாவாக இருந்த பெண்ணுக்கு மனோரமா என்று பெயர் வைத்தது ஒரு நாடக இயக்குநரும் ஒரு ஆர்மோனியக்காரரும் என்று அவர் சொன்னபோது குரல் கம்மியது. "எங்க சாதிக்காரன் வெச்ச பேருங்க" என்றார், ஆர்மோனியக்காரர்களைச் சொல்கிறார். நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1963இல் எடுத்த 'கொஞ்சும் குமரி'யில் ஆச்சி கதாநாயகி என்பதே பிள்ளைகள் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். தாத்தா, நீங்கள் இன்னும் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், தறிக்கு நூல்தார் சுற்றுகிற ஆத்தா. கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மா பொறந்தது எந்தூரு கண்ணு, வளந்தது எந்தூரு?" என்று கேட்டு வைத்துக்கொண்டார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் மைக்கைக்கூட வாங்காமல், உட்கார்ந்த இடத்திலேயே ஒப்பாரி எடுத்தார்:

மன்னார்குடி மண்ணெடுத்து
பள்ளத்தூருத் தண்ணிவிட்டு
பக்குவமாச் செஞ்ச கொடம்
பாதியில ஒடஞ்சதென்ன

நாலு வரிக்குமேல் அவராலும் பாட முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டார்கள். ஆத்தா, உங்கள் சொந்த அக்காவுக்குப் பாடிய மெட்டில் பாடியதாகச் சொன்னீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டதோடு நிற்கிறேன்.

அரிசிம்பருப்பு சோறு ஆக்கிய ஐந்து வீட்டு அக்காமார்களுக்கும், தயிர் கொடுத்த பால்காரருக்கும், சாமந்தி மாலையைக் காசு வாங்காமல் கொடுத்த பூக்கடை அம்மிணிக்கும் நன்றி. வசூல் 8,350 ரூபாய், செலவு 7,120. மீதி 1,230 ரூபாயைத் தாத்தாவின் ஆர்மோனியத் துருத்தியைச் சரிசெய்யக் கொடுத்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னதால் அப்படியே கொடுத்தாயிற்று. காடாத் துணியைப் பெரியப்பா திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார், மடித்து எங்கள் பீரோவில் வைத்திருக்கிறேன். சில்வர் அண்டா ஒன்று, கரண்டி மூன்று இங்கேயே நின்றுவிட்டன. அண்டாவின் அடியில் நீல பெயின்டில் புள்ளி வைத்திருக்கிறது, யாருடையதோ வந்து எடுத்துக்கொள்ளுங்க.