பால் கடை அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

கரண்ட் வந்துவிட்டது. தெருவெல்லாம் தண்ணீர், வீட்டில் கரண்ட் இல்லை என்று கிடந்த அந்த நாலு நாளைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நேராக நன்றிக்கு வருகிறோம்.

முதல் நன்றி பால் கடை அண்ணனுக்கு. முதுகெலும்பு மூட்டுகள் அழற்சியால் இறுகி, நாளடைவில் ஒட்டிக்கொள்ளக்கூடிய ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் நோய்க்கு, அந்த அழற்சியை அடக்கும் அடாலிமுமாப் மருந்தைப் போட்டுக்கொள்ளும் எங்கள் ஐந்து பேருடைய ஊசிகள் அவர் கடை ஃபிரிட்ஜில்தான் பிழைத்தன. இரண்டு வாரத்துக்கு ஒன்று, 40 மில்லிகிராம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 25 டிகிரிக்கு மிகாமல் 14 நாள் வெளியில் வைக்கலாம் என்று சில கம்பெனிகளின் தாளில் இருக்கிறது. ஃபேன் ஓடாத வீட்டில் 25 டிகிரிக்கு எங்கே போவது?

"ஜெனரேட்டர் இருக்கு, கொண்டாங்க" என்று அவரேதான் கூப்பிட்டார். அதைவிடப் பெரிது, வாங்கும்போது கேட்ட கேள்வி: "உறையலாமா, கூடாதா?" கூடவே கூடாது. இது புரதம். உறைந்தால் உருக்குலைந்துவிடும், இளகியபின் தெளிவாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். பின்சுவரை ஒட்டி வைத்த பாக்கெட் விடிவதற்குள் கட்டியாகிவிடும் என்பது அவருக்கு அத்துப்படி. நடுத்தட்டைக் காலி செய்து, இரண்டு டிரே பாலை வெளியே எடுத்துவிட்டு, பெட்டிகளைத் துண்டில் சுற்றித் தட்டின் நடுவில் வைத்தார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், அதில் தெர்மாமீட்டர். கதவைத் திறந்து மூடினால் காற்றின் சூடு உடனே ஏறி இறங்கும். மருந்தின் நிலையைத் தண்ணீர்தான் காட்டும். பால் கணக்கு அட்டையின் பின்பக்கம் முழுக்க 4, 5, 5 என்று அவர் கையெழுத்து. காலைக் கூட்டத்தில் ஒருமுறை 7. அதற்குப்பிறகு அந்தக் கதவைத் திறக்காமல் ஐஸ் பெட்டியிலிருந்தே பால் கொடுத்திருக்கிறார்.

ஒரு ஊசி நாலு நாள் தள்ளிப்போனால் முதுகு ஒட்டிக்கொள்ளாது. கெட்டுப்போனதைத் தெரியாமல் போட்டுக்கொண்டு, வலியும் காலை நேர முதுகு இறுக்கமும் திரும்ப, 'மருந்து கேட்கவில்லை' என்று அதை மாற்றுவதில்தான் ஆபத்து. சீக்கிரம் ஆரம்பித்து வருஷக்கணக்கில் விடாமல் போட்டால்தான் முள்ளெலும்புகளுக்கு நடுவே எலும்புப் பாலம் விழும் வேகம் குறைகிறது. எக்ஸ்ரேயில் வித்தியாசம் தெரியவே இரண்டு வருஷமாவது பிடிக்கும்.

ஊசியைக் கொடுத்த கையோடு சிகரெட் கேட்டவருக்கு அண்ணன் கொடுக்கவில்லை. புகை அந்தப் பாலத்தைச் சீக்கிரம் கட்டிவிடும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

தெர்மாமீட்டர் தந்து, ஐஸ் பேக் ஊசியில் நேராகப் படாமல் நடுவில் துணி வைக்கச் சொன்ன மருந்துக் கடைத் தம்பி, தண்ணீரில் ஓட்டிவந்த ஆட்டோக்காரர், மாடி வீட்டு அக்கா, எல்லாருக்கும் நன்றி. போனில் சார்ஜ் இருந்தவரை குரல் பதிவில் பயிற்சி சொல்லி அனுப்பிய பிசியோ மேடத்துக்கும். தலையணை இல்லாமல் பாயில் குப்புற 20 நிமிடம். சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்டி நின்று, முகவாயைத் தூக்காமல் பின்தலை தொடுகிறதா என்று பார்ப்பது. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பது. இவை எதற்கும் கரண்ட் வேண்டாம்.

அண்ணே, தெர்மாமீட்டர் உங்கள் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். கெட்டுப்போன இரண்டு டிரேக்குப் பணம் வாங்க மாட்டேன் என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் வருகிறோம், பேசிக்கொள்வோம்.