கணுக்காலையும் அளக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரத்த அழுத்தம் பற்றிய உங்கள் மருத்துவப் பக்கக் கட்டுரை முழுக்க முழுக்கக் கையைப் பற்றியே பேசியது. கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து, கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் ‘கணுக்கால்–கை அழுத்த விகிதம்’ என்ற சோதனை விடுபட்டுப்போனது.

நோயாளியைச் சற்று நேரம் மல்லாந்து படுக்கவைத்து, கணுக்காலுக்கு மேலே, காற்றடைத்து அழுத்தும் பட்டையைச் சுற்றுவார்கள். பாதத்தின் மேல்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் ஓடும் தமனிகள் மீது இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர் கருவியை வைப்பார்கள். காற்றை இறக்கும்போது ‘உஸ்... உஸ்...’ என்று இரத்தம் மீண்டும் பாயும் ஓசை எந்த அழுத்தத்தில் கேட்கிறதோ, அதைக் கையில் அளந்த மேல் (சிஸ்டாலிக்) அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 1.0 முதல் 1.4 வரை இயல்பு. 0.90 அல்லது அதற்குக் கீழே போனால் கால் தமனிகளில் அடைப்பு என்று பொருள்.

இதை வெறும் கால்வலிச் சோதனை என்று ஒதுக்கிவிடுவதுதான் என் வருத்தம். பல ஆய்வுகளைத் திரட்டி 2008-இல் வெளிவந்த பகுப்பாய்வில், 0.90-ஐத் தாண்டாதவர்களின் பத்தாண்டு இறப்பு விகிதம் அதே இதய நோய் அபாயப் பிரிவில் உள்ள எல்லோரின் சராசரியைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அவர்களில் பலரைக் கொண்டுபோவது மாரடைப்பும் பக்கவாதமும்தான். நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் அறிகுறிகூடப் பலருக்கு இருக்காது என்பது இன்னும் மோசம்.

எண் ஏறினால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். நாள்பட்ட சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ள சிலருக்குத் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து, எவ்வளவு அழுத்தினாலும் நசுங்காது, அளவு 1.4-ஐத் தாண்டிவிடும். அதுவும் ஆபத்தே. அப்போது கால் பெருவிரலில் அளப்பார்கள்.

புகைபிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் இதுபற்றி மருத்துவரிடம் கேட்கலாம் என்று ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

– ஒரு வாசகர்